பல்நோக்கு உள்விளையாட்டரங்கம்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளைப் பயிற்சிக்கு அழைத்துவரும் பெற்றோர், பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள், ஊரில் கபடிக் குழு நடத்தும் இளைஞர்கள், விழா நடத்த இடம் தேடுகிறவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். கணக்குச் சொல்ல வசதியாக 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 12 மீட்டர் உயரம் உள்ள ஓர் அரங்கத்தை எல்லாப் பதில்களிலும் உதாரணமாக வைத்துக்கொண்டோம்.

இண்டோர் ஸ்டேடியம்னா கூரை போட்ட கிரவுண்டுதானே அண்ணாச்சி? அதுக்கு மேல என்ன இருக்கு?

கூரை அதில் ஒரு பங்குதான். வெளிமைதானத்தில் நம் கையில் இல்லாத நான்கை உள்ளே நம் கைக்குள் கொண்டுவருகிறோம்: காற்று, வெளிச்சம், மழை, தரை. முதல் மூன்றும் பிசகினால் அன்றைய ஆட்டம்தான் கெடும். தரை பிசகினால் பிள்ளைகளின் முழங்காலும் கணுக்காலும் கெடும். அதனால்தான் கீழே வரும் பதில்களில் பல தரையைப் பற்றியே இருக்கும்.

பல்நோக்கு என்ற சொல்லும் முக்கியம். இறகுப்பந்துக்கு மட்டும் கட்டிய கூடத்தில் கூடைப்பந்து ஆட முடியாது. காலையில் இறகுப்பந்து, மாலையில் கைப்பந்து, விடுமுறையில் கபடிப் போட்டி, நடுவில் ஒரு நாள் அரசு விழா என்று எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். எந்த ஒன்றுக்கும் நூற்றுக்கு நூறு பொருந்தாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் எண்பதாவது பொருந்த வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டுவதுதான் பல்நோக்கு அரங்கம்.

வ.உ.சி. மைதானம் கெடக்கு, அண்ணா ஸ்டேடியம் கெடக்கு. உள்ள போய் ஆட என்னத்துக்கு?

ஓட்டம், கால்பந்து, ஹாக்கி எல்லாவற்றுக்கும் வெளிதான் சரி. அவற்றை யாரும் உள்ளே கொண்டுபோகச் சொல்லவில்லை. இறகுப்பந்தின் கதை வேறு. விதிப்படி ஒரு காக்கின் (அந்த இறகுப் பந்தின்) எடை 4.74 கிராமிலிருந்து 5.50 கிராம் வரைதான். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து விழும் காற்றில் அது பக்கத்துக் களத்தில் போய் இறங்கும். மேசைப்பந்தும் அப்படித்தான்.

கைப்பந்து, கூடைப்பந்து, கபடிக்கு உள்ளரங்கம் கட்டாயம் இல்லை, ஆனால் பயிற்சி தடைப்படாமல் நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிமைதானம் பல நாள் சேறாகவே கிடக்கும். சித்திரை வெயிலில் காலை ஒன்பது மணிக்கு மேல் சிமெண்ட் களத்தில் பிள்ளைகளை நிறுத்தவே கூடாது. பள்ளி விட்டு வருகிற பிள்ளைக்கு மாலை ஆறரை, ஏழுக்குள் இருட்டிவிடும். இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்தால் வருடத்தில் எத்தனை பயிற்சி நாள் வீணாகிறது என்று புரியும்.

இந்த மாதிரி அரங்கமெல்லாம் எப்பலேர்ந்து வந்துச்சு?

நாம் உள்ளே ஆடும் ஆட்டங்களில் இரண்டு, உள்ளே ஆடுவதற்காகவே பிறந்தவை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். பீச் பழக் கூடையை அந்தக் கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் கட்டினார். அந்தக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் வளையத்தின் உயரம் 3.05 மீட்டர், அதாவது அதே பத்தடி. ஒரு கட்டடத்தின் அளவு ஒரு விளையாட்டின் விதியாகவே நிலைத்துவிட்டது. நான்கு ஆண்டு கழித்து, 1895-இல், ஹோலியோக் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் கைப்பந்தை உருவாக்கினார். சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்துவந்த ஆசிரியர்கள் வழியாக இந்த ஆட்டங்கள் நம் பள்ளிகளுக்குள் வேரூன்றின.

இந்தியாவில் பெரிய உள்ளரங்கங்கள் பெரிய போட்டிகளை ஒட்டியே எழுந்தன. 1975 உலக மேசைப்பந்துப் போட்டிக்காகக் கல்கத்தாவில் நேதாஜி உள்ளரங்கம், 1982 ஆசிய விளையாட்டுக்காக டெல்லியில் இந்திரா காந்தி உள்ளரங்கம், 1995 டிசம்பரில் நடந்த தெற்காசிய விளையாட்டுக்காகச் சென்னையில் ஜவாஹர்லால் நேரு உள்ளரங்கம். பல்நோக்கு என்பதற்குச் சென்னை அரங்கமே நல்ல உதாரணம்: 2017 அக்டோபரில் புரோ கபடி இறுதி ஆட்டம், 2022 ஜூலை 28 அன்று செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா, இரண்டும் அதே கூரைக்குக் கீழே நடந்தவை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992-இல் அமைந்தது. நம் மாவட்டத்துக்கு அதன் அலுவலகம் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்தில் இருக்கிறது. பயிற்சிச் சேர்க்கை, கட்டணம், நேர ஒதுக்கீடு எதுவானாலும் முதலில் அங்கே கேளுங்கள்.

ஒரே நேரத்துல எத்தனை ஆட்டம் நடத்தலாம்?

களத்தின் அளவை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. களத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்தையும் சேர்க்க வேண்டும். இறகுப்பந்துக் களம் 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர். சுற்றிலும், களத்துக்குக் களமும் 2 மீட்டர் விட்டு, நம் 40-க்கு 20 அரங்கில் குறுக்காகப் போட்டால் நான்கு களம் பிடிக்கும் (34.4 மீட்டர் போதும்). ஐந்தாவதையும் வைத்தே ஆக வேண்டுமென்றால் இடைவெளியை ஒன்றரை மீட்டராகக் குறைக்க வேண்டும். அப்போது 39.5 மீட்டர் வரும். பயிற்சிக்குச் சரி, போட்டிக்குக் கூடாது. இரட்டையர் ஆட்டத்தில் பந்தை விரட்டி ஓடும் பிள்ளை பக்கத்துக் களத்துப் பிள்ளையின் மட்டையில்தான் போய் முட்டும்.

கூடைப்பந்து 28-க்கு 15, சுற்றிலும் 2 மீட்டர் சேர்த்தால் 32-க்கு 19: ஒரு களம், கச்சிதமாக. கைப்பந்து 18-க்கு 9, சுற்றிலும் குறைந்தது 3 மீட்டர் சேர்த்தால் 24-க்கு 15: அதுவும் ஒன்றுதான். ‘குறுக்கே போட்டால் மூன்று வருமே’ என்பார்கள். வராது. 24 மீட்டர் வேண்டிய இடத்தில் அரங்கின் அகலம் 20 மீட்டர்தான், சர்வீஸ் போடுகிறவரின் முதுகு சுவரில் உரசும். ஆண்கள் கபடி 13-க்கு 10. இதைக் குறுக்கே போட்டால் இரண்டரை மீட்டர் இடைவெளியில் மூன்று களம் அடங்கும். மேசைப்பந்துக்குப் போட்டி அளவில் ஒரு மேசைக்கு 14-க்கு 7 மீட்டர் இடம், ஆக ஐந்து மேசை.

ஹேண்ட்பால் களமே 40-க்கு 20. கோலுக்குப் பின்னால் 2 மீட்டரும் பக்கங்களில் 1 மீட்டரும் வேண்டும். எனவே நம் உதாரண அரங்கில் அது அடங்காது, 44-க்கு 22 தேவை. புதிதாகக் கட்டுகிறவர்கள் நீளத்தில் இந்த நான்கு மீட்டரையும் அகலத்தில் இரண்டு மீட்டரையும் இப்போதே சேர்த்துவிடுவது நல்லது. கட்டிய சுவரைப் பிறகு நகர்த்த முடியாது.

உயரம் எவ்வளவு வேணும்? எங்க ஸ்கூல் ஹால் 18 அடி இருக்கு, போதாதா?

18 அடி என்றால் ஐந்தரை மீட்டர். மேசைப்பந்து, யோகா, கேரம், கபடிப் பயிற்சி எல்லாம் தாராளமாகச் செய்யலாம். கைப்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் தடையில்லாத உயரம் 7 மீட்டர் வேண்டும். இறகுப்பந்துக்கு 9 மீட்டர் இருந்தால்தான் உயரத் தூக்கி அடிக்கும் ‘டாஸ்’ பழக முடியும். பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கு 12 மீட்டர், உலகக் கைப்பந்துப் போட்டிகளுக்கு 12.5 மீட்டர்.

அளக்கும்போது கூரைத் தகடு வரை அளக்காதீர்கள். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் அடிப்பகுதி, விளக்கு, மின்விசிறி இவற்றில் எது கீழே தொங்குகிறதோ அதுவரைதான் உங்கள் உயரம். தாழ்ந்த கூடத்தில் பழகிய பிள்ளை தட்டையாகவே அடித்துப் பழகி, பெரிய அரங்கில் போட்டிக்குப் போகும்போது தடுமாறும்.

தரையில இத்தனை கலர்ல கோடு கெடக்கே, எது எங்க கோடுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு நிறம். எந்த நிறம் எதற்கு என்பதை அந்தந்த அரங்கமே முடிவு செய்யும், அதனால் நுழைவாயிலில் ஒரு நிற அட்டவணை ஒட்டிவைப்பது நிர்வாகத்தின் வேலை. குழம்பினால் அகலத்தைப் பாருங்கள்: இறகுப்பந்துக் கோடு 4 செ.மீ., கைப்பந்து, கூடைப்பந்துக் கோடுகள் 5 செ.மீ. பெரிய போட்டி நடக்கும் நாளில் தேவையில்லாத கோடுகளைத் தரையின் நிறத்திலேயே உள்ள டேப்பால் மறைத்துவிடலாம். ஆட்டம் முடிந்த அன்றைக்கே அதை உரித்துவிட வேண்டும். இரண்டு நாள் விட்டால் பசை இறுகி, உரிக்கும்போது பாலீஷையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

பூப்பந்தும் ஷட்டிலும் ஒண்ணுதானே? ஒரே கோர்ட் போதாதா?

வெவ்வேறு ஆட்டம். பூப்பந்து என்று நாம் சொல்வது கம்பளி நூல் சுற்றிய பந்தில், அணிக்கு ஐந்து பேர் ஆடும் பால் பேட்மிண்டன். அதன் களம் 24-க்கு 12 மீட்டர். தஞ்சாவூர்ப் பக்கம் தோன்றி நம் ஊர்ப் பள்ளிகளில் மண் தரையில் வளர்ந்த ஆட்டம். ஷட்டில் என்பது இறகுப்பந்து, அதன் அளவு மேலே இருக்கிறது. செய்தித்தாள்களில் இரண்டையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். அரங்கில் முன்பதிவு செய்யும்போது ‘பூப்பந்து’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு சண்டை போட வேண்டாம். அணிக்கு எத்தனை பேர் என்று சேர்த்து எழுதினால் போதும், எந்த ஆட்டம் என்று அங்கே புரிந்துவிடும்.

கபடி மண்ணுல ஆடுற ஆட்டம். அதை ஏன் மேட்டுல (மேட் விரிப்புல) கொண்டுபோய் வச்சிருக்காவ?

1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்க ஆட்டமாகச் சேர்ந்தது. பல நாட்டு அணிகள் ஒரே தரத்தில் ஆட வேண்டுமானால் தரையும் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வோர் ஊர் மண்ணும் ஒவ்வொரு மாதிரி. நம் பக்கம் செம்மண், கரிசல், ஆற்று மணல் என்று பத்து மைலுக்குள் மூன்று மாறும். மேட் வந்ததற்கு அதுதான் முதல் காரணம். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசன் பிறந்த மணத்தி, 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும்வரை நெல்லை மாவட்டத்து ஊர். மண்ணில் வளர்ந்த ஆட்டக்காரர்களைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. ஆனால் மாநில அணித் தேர்வு மேட்டில் நடக்கும்போது, மண்ணில் மட்டும் பழகிய பையன் முதல் பத்து நிமிடத்திலேயே தடுமாறிப்போகிறான். அந்த வருத்தத்தில்தான் இதை நீட்டிச் சொல்கிறோம்.

வித்தியாசம் காலில் தெரியும். மண்ணில் கால் கொஞ்சம் சறுக்கி நிற்கும். மேட்டில் வைத்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். அதனால் மேட்டுக்கு மாறும் அணி முதல் இரண்டு வாரம் பிடிபோடும் பயிற்சியை ஓரம் கட்டிவிட்டு, திரும்புவது, குனிந்து விலகுவது, நிற்பது மட்டும் பழக வேண்டும். மேட் ஷூவும் வேண்டும், வெறுங்காலில் ஆடினால் பாதத்தோல் உராய்ந்து கொப்புளம் போடும். ஒரு மீட்டர் சதுரத் துண்டுகளாக வாங்கினால் ஆண்கள் களத்துக்கு மட்டும் 130 துண்டு, ஓரப் பாதுகாப்புக்கும் உட்காரும் கட்டத்துக்கும் மேலும் வேண்டும். பெண்கள் களம் 12-க்கு 8 என்பதால் 96 போதும். துண்டுகளின் பல் சரியாகக் கோர்த்திருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் ஒருவர் வெறுங்காலால் நடந்து தடவிப் பார்க்க வேண்டும். தூக்கி நிற்கும் ஒரு விளிம்பில்தான் விரல் நகம் பெயரும்.

மரத் தளம் நல்லதா, சிந்தெடிக் நல்லதா? எங்க ஸ்கூலுக்கு எதைப் போடலாம்?

நல்ல மரத் தளத்துக்கு இணை இல்லை. மேலே தெரியும் மேப்பிள் பலகை மட்டும் தளம் ஆகாது. கான்கிரீட், அதன் மேல் ஈரம் ஏறாமல் பாலித்தீன் விரிப்பு, அதன் மேல் ரப்பர் திண்டுகள், அவற்றின் மேல் மரச் சட்டங்கள், பிளைவுட், கடைசியாகப் பலகை. குதித்து இறங்கும்போது இந்த அடுக்கு முழுவதும் கொஞ்சம் அமுங்கி எழும். அந்த அமுக்கம்தான் மூட்டைக் காப்பாற்றுகிறது. கான்கிரீட்டில் நேராகப் பலகையை ஒட்டினால் பார்வைக்கு மரம், காலுக்குக் கான்கிரீட்.

மரத்தின் எதிரி ஈரம். இரண்டேகால் அங்குலப் பலகை, அதாவது 57 மில்லிமீட்டர் என்று வைத்தால், 20 மீட்டர் அகலத்துக்கு 350 பலகை வரும். கார்த்திகை ஈரத்தில் ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீட்டர் உப்பினாலும் மொத்தம் 70 மில்லிமீட்டர். இதற்கு இடம் கொடுக்கத்தான் சுவரோரம் சுமார் 5 செ.மீ. இடைவெளி விட்டு மேலே பட்டை அடித்து மறைப்பார்கள். ‘இடைவெளி அசிங்கமாக இருக்கிறது’ என்று சிமெண்ட் பூசி அடைத்துவிட்டால் பலகை போக வழியில்லாமல் நடுவில் முதுகு தூக்கும். அதைச் சரிசெய்யப் பலகையை அறுத்தெடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

பள்ளிக்கு எங்கள் யோசனை: மூடிய கட்டடம், வாட்ச்மேன், துடைக்க ஆள் மூன்றும் உறுதி என்றால் மட்டும் மரம். இல்லையென்றால் சமமாகத் தேய்த்த கான்கிரீட்டின் மேல் பி.வி.சி. விரிப்பு. ஒட்டும் முன் ஒரு சோதனை: ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் கான்கிரீட்டில் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் தரை இன்னும் காயவில்லை. அதன் மேல் ஒட்டினால் ஆறு மாதத்தில் கொப்புளம் எழும். ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. 28 நாளில் கான்கிரீட் பலம் பெறும், காய்ந்துவிடாது. பளபள டைல்ஸ் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். வியர்வை ஒரு சொட்டு விழுந்தாலே வழுக்கும்.

ஷூ போட்டுத்தானே வந்திருக்கேன், ஏன் உள்ள விட மாட்டேங்காவ?

வீட்டிலிருந்து போட்டுவந்த ஷூ என்பதால்தான். அடிப்பாகப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணல் துகளை விரலால் எடுத்துப் பாருங்கள், கண்ணாடிச் சில்லு மாதிரி கூர் இருக்கும். நீங்கள் காலைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது பாலீஷில் ஒரு கீறல் போடும். கறுப்பு அடிப்பாகம் உள்ள ஷூ தரையில் கறை இழுக்கும். உள்ளே போடுவதற்கென்று கோந்து நிற ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூவைப் பையில் கொண்டுவந்து வாசலில் மாற்றுங்கள். பள்ளி வெள்ளைக் கான்வாஸ் ஷூவைத் துடைத்துப் போட்டாலும் தரைக்குக் கேடு இல்லை, ஆனால் அதில் பக்கவாட்டுப் பிடிப்பு குறைவு.

தரையைத் தண்ணி ஊத்திக் கழுவினா என்ன? ஃபினாயில் போட்டா மணமா இருக்குமே?

மரத்துக்குத் தண்ணீர் ஏன் ஆகாது என்று மேலே தளம் பற்றிய பதிலில் சொல்லியாயிற்று. ஃபினாயில் ஒரு வழவழப்பை விட்டுப்போகும், அதில் முதல் நாள் யாராவது ஒருவர் விழுவார். சரியான முறை: தினமும் இரு முறை அகலமான காய்ந்த மாப்பால், எடுக்காமல் ஒரே இழுப்பாக ஓரம்வரை தள்ளிக்கொண்டு போவது. வியர்வை சிந்திய இடத்தை உடனே துணியால் ஒற்றுவது. வாரம் ஒரு முறை நன்றாகப் பிழிந்த ஈர மாப், பின்னாலேயே காய்ந்த மாப். வாசலில் தேங்காய் நார் மிதியடி நான்கடி நீளத்துக்குக் குறையாமல், இரண்டு காலும் பதியும்படி போட்டால் மாப் வேலையே பாதியாகிவிடும்.

ஃபேன் போட்டா ஷட்டில் ஆடுறவங்க அணைக்கச் சொல்லுதாவ. வேர்த்துச் சாகணுமா?

அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு, காரணம் இரண்டாவது பதிலில் சொன்ன அந்த ஐந்து கிராம். ஆனால் ஆளைக் காயவிடுவதும் சரியல்ல. வெப்பத்தைக் கூரையிலேயே தடுப்பதுதான் வழி. தகட்டுக்கு அடியில் காப்புப் பாய், மேலே வெள்ளைப் பூச்சு, முகட்டில் சூடான காற்று வெளியேற வழி இருந்தால் கீழே காற்று அசையாமலே வெக்கை குறையும். ஆனி, ஆடியில் மேற்குப் பக்க ஜன்னல்களை மூடிவிட்டுக் கிழக்குப் பக்கத்தை மட்டும் திறந்து வையுங்கள். ஆட்டங்களுக்கு இடையில் ஃபேனைப் போட்டு, சர்வீஸ் போடும்போது அணைப்பதுதான் நடைமுறையில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஏற்பாடு.

காக் வாங்கும்போதும் வெப்பத்தைக் கணக்கில் எடுங்கள். சூடான காற்று லேசானது, காக் அதில் வேகமாகப் பறக்கும். அதனால் இங்கே வேக எண் குறைந்த காக்குதான் தோது. சோதனை எளிது: ஒரு கடைசிக் கோட்டிலிருந்து கீழ்க்கையால் முழு வீச்சில் அடித்தால், எதிர்க் கடைசிக் கோட்டுக்கு 53 செ.மீ. முதல் 99 செ.மீ. உள்ளே விழ வேண்டும். கோட்டைத் தாண்டினால் அந்த டியூபை மார்கழிக்கு எடுத்து வையுங்கள்.

இத்தனை லைட் போட்டும் காக் கண்ணுக்குத் தெரியலையே, ஏன்?

பெரும்பாலும் விளக்கு குறைவாக இருப்பதால் அல்ல, இடம் தவறியதால். விளக்கு களத்துக்கு நேர் மேலே இருந்தால் அண்ணாந்து பார்க்கும்போது கண் கூசும், காக் ஒளிக்குள் மறைந்துவிடும். களத்தின் இரு நீளப் பக்கங்களிலும், கோட்டுக்கு வெளியே வரிசையாக இருக்க வேண்டும். அடுத்தது சுவர். வெள்ளைச் சுவரின் முன்னால் வெள்ளைக் காக்கை யாராலும் பார்க்க முடியாது. கடைசிக் கோடுகளுக்குப் பின்னால் உள்ள சுவருக்கு அடர் பச்சையோ நீலமோ அடியுங்கள். செலவு விளக்கு மாற்றுவதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

பயிற்சிக்கு 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். உலக மேசைப்பந்துப் போட்டிகளுக்கு 1000-க்குக் குறையாமல் கேட்பார்கள். பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகள் உள்ள அரங்கில் கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் விளக்கு ஆறி மறுபடி எரியப் பத்து நிமிடம்வரை ஆகும். ஜெனரேட்டர் இருந்தும் ஆட்டம் நிற்பது இதனால்தான். எல்.இ.டி.யில் இந்தத் தொல்லை இல்லை.

மழை பெஞ்சா ஒழுகுது. ஓட்டை எங்கன்னே தெரியலை.

சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே தேடுவதால்தான் தெரியவில்லை. தண்ணீர் தகட்டின் அடியிலும் குறுக்குச் சட்டத்திலும் பல அடி ஓடி வந்து, தாழ்ந்த இடத்தில் சொட்டும். சொட்டிலிருந்து முகட்டுப் பக்கமாக மேலே தேடுங்கள். குற்றவாளி பெரும்பாலும் தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூவின் ரப்பர் வாஷர்: நம் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். அடுத்தது தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் புறாக்கூடும் வேப்பிலையும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் பின்னால் ஏறுவது. இரண்டையும் புரட்டாசியிலேயே பார்த்துவிட வேண்டும். ஐப்பசியில் ஈரத் தகட்டின் மேல் ஆளை ஏற்றுவது உயிருக்கு ஆபத்து.

சும்மா கெடக்குற நாள்ல மாநாடு, கண்காட்சிக்கு விட்டா வருமானம் வருமே?

வரும், விடலாம். தரையை மூடிவிட்டு விட வேண்டும், அவ்வளவுதான். தரையைக் கெடுப்பது மொத்தப் பாரம் அல்ல, அது இறங்கும் இடத்தின் சிறுமை. மேடையின் ஓர் இரும்புக் காலில் 500 கிலோ இறங்குகிறது, அந்தக் கால் 5 செ.மீ. சதுரம் என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு 20 கிலோ. பலகையில் பள்ளம் விழும். அதே காலுக்கு அடியில் ஓர் அடிச் சதுரத்தில் தடித்த பிளைவுட் துண்டு வைத்தால் ஒரு சதுர செ.மீ.க்கு அரை கிலோவுக்குச் சற்று மேல்தான். பத்து நிமிட வேலை, ஆனால் பந்தல்காரர் தானாகச் செய்யமாட்டார். பக்கத்தில் நின்று செய்யச் சொல்ல வேண்டும்.

நாற்காலி போடும் பகுதி முழுவதற்கும் கீழே விரிப்பு, மேலே எட்டுக்கு நாலடிப் பிளைவுட். நம் 800 சதுர மீட்டருக்கு 270 தாள் வேண்டும். முதலில் செலவாகத் தோன்றும், ஆனால் பத்து வருடம் உழைக்கும். ஆணி, சமையல், குத்துவிளக்கு எண்ணெய், பூ மாலைத் தண்ணீர் நான்கையும் ஆடுகளத்துக்குள் விடாதீர்கள். குத்துவிளக்கு ஏற்றித்தான் விழா தொடங்கும் என்றால் வாசல் மண்டபத்தில் ஏற்றுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தேர்வுக்கும் மாவட்டப் போட்டிக்கும் முந்தைய மாதம் எந்த வாடகைக்கும் விடக்கூடாது. அரங்கம் முதலில் பிள்ளைகளுக்கு.

மைக்குல பேசினா ஒண்ணுமே வெளங்க மாட்டேங்கு. சவுண்டைக் கூட்டவா?

கூட்டினால் இன்னும் கெடும். தகட்டுக் கூரை, வெறும் சுவர், மரத் தரை மூன்றும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகின்றன. நம் உதாரண அரங்கின் கொள்ளளவு 9600 கன மீட்டர். உறிஞ்சும் பரப்பு எதுவும் இல்லையென்றால் ஒரு சொல் அடங்க ஆறு நொடிக்கு மேல் ஆகும். பேச்சு தெளிவாகக் கேட்க அது இரண்டு நொடிக்குள் இருக்க வேண்டும். ஒரு சொல் அடங்கும் முன் பத்துச் சொல் வந்து மேலே விழுகிறது.

மேடையில் இரண்டு பெரிய பாக்ஸ் வைப்பதற்குப் பதிலாக, சிறிய ஸ்பீக்கர்களைக் கூட்டத்தின் அருகில், பக்கங்களில் பத்து மீட்டருக்கு ஒன்றாக, குறைந்த சத்தத்தில் ஆட்களை நோக்கிச் சாய்த்து வையுங்கள். கூரைக்கு அடியில் துணித் திரைகள் தொங்கவிட்டாலும் பலன் தெரியும். பேசுகிறவரை மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசச் சொல்லுங்கள்.

கேலரியில எத்தனை பேர் உக்காரலாம்? அதுக்குத் தக்கன டிக்கெட் அடிக்கணும்.

ஓர் ஆளுக்கு 45 செ.மீ. என்று எடுத்தால் 40 மீட்டர் நீளப் படி ஒன்றில் 88 பேர். பத்துப் படி என்றால் 880. ஏறி இறங்கும் நடைவழிகளைக் கழித்தால் அது ஏறத்தாழ 750-க்கு வந்துவிடும். இந்த எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். வெளியேறும் கதவுகள் எத்தனை, அவை வெளிப்பக்கமாகத் திறக்கின்றனவா, ஆட்டம் நடக்கும்போது பூட்டில்லாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிக்கெட் இல்லாதவர் புகாமல் இருக்கப் பின்கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டுவது பல இடங்களில் வழக்கம். அதைச் செய்யவே கூடாது. ஆளை நிறுத்துங்கள், சங்கிலி வேண்டாம். கட்டடத்துக்கு அனுமதித்த எண்ணிக்கை கணக்கில் வருவதைவிடக் குறைவு என்றால் அனுமதித்த எண்ணிக்கையே செல்லும்.

வெள்ளம் வந்தா ஆட்களை இங்கதானே தங்கவைக்கணும்? அப்ப தரை, ஷூன்னு பாக்க முடியுமா?

பார்க்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி கரை மீறியபோதும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோதும், காய்ந்த பெரிய கூரை ஒன்றின் அருமை இந்தச் சீமைக்கே தெரிந்தது. மனிதர் முதலில், தரை பிறகு.

ஆனால் தயாராக இருக்கலாம். நிவாரணப் பணிக்கான உலக அளவுகோல் ஓர் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் மூடிய இடம் கேட்கிறது. நம் 800 சதுர மீட்டரில் 228 பேர். இருபது பேருக்கு ஒரு கழிப்பறை என்றால் 12 வேண்டும். இங்கேதான் பெரும்பாலான அரங்கங்கள் தோற்றுப்போகின்றன, ஏனென்றால் விளையாட வருகிறவர்களுக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கட்டியிருப்பார்கள். மேலே சொன்ன 270 பிளைவுட்டும் தார்ப்பாயும் ஸ்டோர் ரூமில் இருந்தால் அதை விரித்துத் தங்கவைக்கலாம். புதிதாகக் கட்டுகிறவர்கள் அந்த இடத்தில் 2023 தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு, தரை மட்டத்தை அதற்கு மேலே வைக்க வேண்டும். மரத் தளத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், வடிந்த பிறகு கதவு ஜன்னலைத் திறந்து நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள். ஹீட்டர் வைத்து அவசரமாகக் காயவைத்தால் மேல்பக்கம் மட்டும் சுருங்கிப் பலகை கிண்ணம்போல வளையும்.

நாளைக்கு எங்க கிளப் டோர்னமெண்ட். இன்னைக்கு ராத்திரி என்னத்தையெல்லாம் பாக்கணும்?

முதலில் வலை. இறகுப்பந்து வலை கம்பத்தில் 1.55 மீட்டர், நடுவில் 1.524 மீட்டர். கைப்பந்து வலை ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24. இந்த அளவுகளைக் குறித்த ஒரு கம்பைக் கையோடு வைத்துக்கொண்டால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். கம்பத்துக் குழியின் மூடி தரையோடு சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று காலால் தடவுங்கள். பிறகு விளக்கு முழுவதையும் போட்டு அரை மணி நேரம் எரியவிடுங்கள், நின்றுபோகும் விளக்கு அதற்குள் நின்றுவிடும். ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். மூடியைத் திறந்து பாருங்கள்.

ஐஸ், கிரேப் பேண்டேஜ், கத்தரி, உப்புச்சர்க்கரைப் பொட்டலம் ஒரு பையில், எல்லோருக்கும் தெரியும் மேசையில் இருக்கட்டும். ஒவ்வொரு களத்துக்கும் ஒரு காய்ந்த துண்டோடு ஒரு பையன் தரையோரம் உட்காரட்டும், வியர்வை விழுந்த இடத்தை ஒற்ற. கடைசியாக, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒரு கைவிளக்கைத் தரைமட்டத்தில் படுக்கவைத்து நீளவாக்கில் அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத மணல், தூக்கிய பலகை, விட்டுப்போன ஆணி எல்லாம் நிழல் விழுந்து தெரியும். அதைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.